டயட் கோலா பிறந்ததே சர்க்கரை நோயாளிக்காகத்தான், தெரியுமா?

கட்டுமஸ்தான உடம்பும் கையில் ஒரு டின்னுமாக விளம்பரத்தில் சிரிக்கிறார்களே, அந்த டயட் கூல்டிரிங்க்ஸை முதன்முதலில் யாருக்காகத் தயாரித்தார்கள் தெரியுமா? நியூயார்க் நகரத்து புரூக்ளின் பகுதியில், நாள்பட்ட நோயாளிகளைப் பராமரித்த ஒரு யூத மருத்துவமனையின் சர்க்கரை நோயாளிகளுக்காக! வருஷம் 1952. ஹைமன் கிர்ஷ் என்பவர் ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்து, சோடா விற்றே முன்னுக்கு வந்தவர். அந்த மருத்துவமனையின் நிர்வாகத்திலும் அவர் இருந்தார். வார்டில் கிடப்பவர்களுக்கும் இனிப்பாகக் குடிக்க ஏதாவது வேண்டும் என்று, சர்க்கரையே இல்லாமல் இனிக்கிற பானம் ஒன்றைத் தயாரித்தார். பெயர் 'நோ-கால்'. இனிப்புக்கு அதில் போட்டது சைக்ளமேட். அதிலும் ஒரு கரிசனம் பாருங்கள். சோடியம் சேர்ந்த சைக்ளமேட் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று கால்சியம் சேர்ந்ததைத் தேர்ந்தெடுத்துப் போட்டார்கள்!

மருத்துவமனைக்காகப் பிறந்த பாட்டில் வெளியே வந்ததும், உடம்பைக் குறைக்க நினைத்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1963இல் கோகோ கோலாவின் 'டாப்', அடுத்த வருஷம் டயட் பெப்சி, 1982இல் டயட் கோக், 2005இல் கோக் ஜீரோ என்று வரிசையாக வந்தன. யாருக்காகத் தொடங்கியது என்பது எல்லாருக்கும் மறந்தே போயிற்று. ஆனால் சர்க்கரை நோயாளியின் கேள்வி மட்டும் மறையவில்லை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். வீட்டுக்கு ஒருவராவது டாக்டரிடம் கேட்டிருப்பார்: "டயட் கோலா மட்டும் குடிக்கலாமா டாக்டர்?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. உங்கள் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தத்திலும் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு டம்ளர்? அரை டம்ளர்? வெறும் ஒரு டீஸ்பூன்! பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் சுகர் 100 என்றால், ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று பொருள். பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 5 கிராம்தான் வரும். அந்த ஒரு டீஸ்பூனைக் கூடாமல் குறையாமல் காக்கத்தான் கணையமும் கல்லீரலும் ராப்பகலாக உழைக்கின்றன. இப்போது சாதாரண கோலாவைப் பாருங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை சுமார் 10 முதல் 11 கிராம். 300 மில்லி டின் ஒன்றைக் காலி செய்தால் 30 கிராமுக்கு மேல். மொத்த ரத்தத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்கு! அதுவும் மென்று தின்கிற பண்டம் இல்லை, நாரும் இல்லை, கொழுப்பும் இல்லை, மடமடவென்று இறங்கிவிடுகிற திரவம். இன்சுலின் சரியாகச் சுரக்காத, சுரந்தாலும் வேலை செய்யாத உடம்பு அதை எப்படிச் சமாளிக்கும்?

டயட் கோலாவில் அந்த 30 கிராமும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் கண்ணால் காட்டலாம். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு அலுமினிய டின் இரண்டு, ஒன்று சாதா, ஒன்று டயட். இரண்டையும் மெல்லத் தண்ணீரில் விடுங்கள். சாதா டின் அடிக்குப் போய் 'ணங்'கென்று உட்காரும். டயட் டின் மேலேயே மிதக்கும்! இரண்டிலும் பானம் ஒரே அளவுதான். மூழ்கிய டின்னை மூழ்கடித்தது அதில் கரைந்திருக்கும் சர்க்கரையின் எடை. ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை என்று வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாதது, அந்த 'ணங்'கில் ஏறிவிடும்.

ஆக, பாதி பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. டயட் பானம் குடித்ததும் ரத்தச் சர்க்கரை சர்ரென்று ஏறாது. இதில் மருத்துவ உலகில் பெரிய சண்டை இல்லை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு வருமுன், சர்க்கரையே இல்லாத அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அந்தக் கதை பெரிய ஆச்சரியம்! 1879. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் ஆனது. கையைச் சரியாகக் கழுவாமலே போய் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். ரொட்டி தித்தித்தது! வாயைத் துடைத்தார், துணியும் தித்தித்தது. விரலை நக்கினார், விரலில்தான் இருந்தது விஷயம். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், மேஜையில் இருந்த குடுவை ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தார். எதில் விஷம் இருந்திருந்தாலும் அன்றோடு கதை முடிந்திருக்கும். கிடைத்தது சாக்கரின். சர்க்கரையைப் போலச் சுமார் 300 மடங்கு இனிப்பு.

அவர் ஒருவர்தான் அப்படி என்றால் தற்செயல் எனலாம். 1937இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வேடா ஆய்வக மேஜையில் வைத்த சிகரெட்டைத் திரும்ப எடுத்து உதட்டில் வைக்க, அது இனித்தது. சைக்ளமேட்! 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். காகிதம் ஒன்றை எடுக்க விரலை எச்சில் படுத்தினார், நாக்கு தித்தித்தது. ஆஸ்பர்டேம்! 1976இல் லண்டனில் நடந்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது. லெஸ்லி ஹஃப் என்ற பேராசிரியர், சர்க்கரையில் குளோரின் சேர்த்துச் செய்த ஒரு பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார். சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய இளைஞர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்துச் சுவைத்தே விட்டார்! 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் அப்படிக் கிடைத்தது. இன்று உலகமே அருந்துகிற டயட் பானங்களின் இனிப்புகளில் பல, ஆய்வகத்தில் செய்யவே கூடாத காரியத்தை யாரோ செய்ததால் வந்தவை!

சரி, இந்தப் பொருள்கள் புற்றுநோய் தரும் என்கிறார்களே?

1970களில் சாக்கரினை அதிக அளவில் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. 1977இல் அமெரிக்க அரசு தடை போடப் பார்த்தது. மக்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றம் தலையிட்டுத் தடையை நிறுத்தியது, எச்சரிக்கை வாசகம் மட்டும் லேபிளில் ஏறியது. பிறகுதான் தெரிந்தது, எலியின் சிறுநீரில் அந்தப் புற்றுநோயைத் தூண்டிய வினை மனிதச் சிறுநீரில் அப்படி நடப்பதில்லை என்று. 2000இல் அந்த எச்சரிக்கையும் நீங்கியது.

ஆஸ்பர்டேம் விவகாரம் இன்னும் சூடானது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை '2பி' பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியல். வாட்ஸ்அப் முழுக்க அன்று அதுதான் ஓடியது. ஆனால் அதே பட்டியலில் வேறு என்ன இருக்கிறது தெரியுமா? கற்றாழை முழு இலைச் சாறும், ஆசிய நாடுகளின் பாரம்பரிய ஊறுகாய்க் காய்களும்! ஒரு பொருள் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. சந்தேகிக்கச் சான்று எந்த அளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் இன்னொரு குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பையே உறுதி செய்தது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும்! பயத்தைப் பரப்பியவர்கள் இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்து அனுப்பியிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஒரு சாராருக்கு மட்டும் ஆஸ்பர்டேம் உண்மையிலேயே கூடாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு, அதிலிருந்து பிரியும் ஃபீனைல் அலனினை உடம்பால் கையாள முடியாது. டின்னில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை அவர்களுக்காகத்தான். அது அபூர்வமான கோளாறு. மற்றவர்களுக்கு அதே ஃபீனைல் அலனின் பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் தினமும் கிடைப்பதுதான்.

இன்னொரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அதே 2023இல், மே மாதம், உடல் எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பலரும் இதைச் சர்க்கரை நோயாளிகளுக்கான தடை என்றே படித்தார்கள். அந்த அறிவுரையிலேயே ஒரு வரி இருக்கிறது தெரியுமா? ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது! யாருக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்தார்களோ அவர்களே அதிகம் பயந்தார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். 'டயட் பானம் நல்லதா கெட்டதா' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'எதற்குப் பதிலாக?' என்று கேட்டுப் பாருங்கள், உடனே கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 15,486 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை போட்ட பானங்களை அதிகம் குடித்தவர்களிடம் மரணமும் இதய நோயும் அதிகம். அந்தச் சர்க்கரை பானத்தின் இடத்தில் டயட் பானம் வந்தால் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. ஆனால் கேளுங்கள், டயட் பானத்தின் இடத்தில் தண்ணீரோ காபியோ டீயோ வந்தால் இன்னும் குறைவு! கலருக்குப் பதில் டயட் என்றால் லாபம். தண்ணீருக்குப் பதில் டயட் என்றால் நஷ்டம். ஒரே டின், இரண்டு தீர்ப்பு!

'டயட் பானம் குடிப்பவர்களுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது' என்ற செய்தியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். கணக்கு பல ஆய்வுகளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் டயட் பானத்தைத் தேடிப் போகிறவர் யார்? எடை கூடியவர், 'பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் எச்சரித்தவர், அப்பா அம்மா இருவருக்கும் சுகர் உள்ளவர். தெருவில் குடையோடு நடக்கிறவர்கள் எல்லாருடைய காலும் நனைந்திருக்கிறது என்பதற்காகக் குடைதான் காலை நனைத்தது என்று சொல்லலாமா? மழை பெய்ததால்தானே குடையை எடுத்தார்கள்! இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது.

அப்படியானால் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஈரானில் 81 பெண்கள். எல்லாருக்கும் டைப் 2 சர்க்கரை, எல்லாரும் எடை கூடியவர்கள், எல்லாரும் எடை குறைக்கும் உணவுத் திட்டத்தில் இருந்தவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அணிக்குத் தண்ணீர், இன்னொரு அணிக்கு டயட் பானம். 24 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியும் மெலிந்திருந்தன. தண்ணீர் அணி சராசரியாக 6.4 கிலோ, டயட் அணி சுமார் 5.25 கிலோ. அமெரிக்காவில் 303 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வில் இதற்கு நேர் எதிர், டயட் பானம் குடித்தவர்கள்தான் தண்ணீர் குடித்தவர்களைவிட அதிகம் மெலிந்தார்கள்! எதை நம்புவது? ஒன்று, அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்ல. இரண்டு, அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பானத் தயாரிப்பாளர்களின் சங்கம். அதனாலேயே அந்த ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் என் வீட்டில் சுகர் உள்ள ஒருவருக்காக நான் எடுத்துக்கொள்வது, அவரைப் போன்றவர்களை வைத்தே நடத்திய ஈரான் ஆய்வைத்தான். அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கமும் இதே பக்கம்தான் நிற்கிறது. இனிப்புப் பானத்தை விட முடியாதவர் கொஞ்ச காலம் டயட் பானத்தைப் பிடித்துக்கொள்ளலாம், போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர் என்பதே அதன் பரிந்துரை.

நம் குடலுக்குள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் இந்த இனிப்பு தெரியும், தெரியுமா? இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2022இல் ஆரோக்கியமான 120 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. சாக்கரின், சுக்ரலோஸ், ஆஸ்பர்டேம், ஸ்டீவியா என்று பிரித்து இரண்டு வாரம் கொடுத்தார்கள். எல்லாமே அனுமதித்த அளவுக்குள்தான். சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்தவர்களிடம், குளுக்கோஸ் குடித்த பிறகு சர்க்கரை ஏறுகிற விதமே மாறியது. அதுவும் எல்லாருக்கும் ஒன்றுபோல இல்லை. அவரவர் குடல் நுண்ணுயிர்களைப் பொறுத்து ஒருவருக்கு அதிகம், ஒருவருக்கு ஒன்றுமே இல்லை! கலோரியே இல்லாத பொருள் உடம்புக்குள் சும்மா வந்து சும்மா போகிறது என்ற நம்பிக்கை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பிரியாணிப் பிரியர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சொன்னது. சுக்ரலோஸைத் தனியாகக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே மாவுச்சத்தோடு கலந்து குடித்தவர்களுக்கு, இரண்டே வாரத்தில் ஏழு முறை குடித்ததிலேயே, இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்தது. ஆட்கள் 45 பேர்தான், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், ஆகவே இதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் நாம் டயட் கோலாவை எப்போது குடிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பரோட்டாவோடு, பிரியாணியோடு, பர்கரோடுதானே? 'டயட்தானே குடிக்கிறேன், இன்னொரு கரண்டி வைங்க' என்று இலையைக் காட்டுகிறோமே, அந்த இன்னொரு கரண்டியில் இருக்கிற மாவுச்சத்தை எந்த டயட் டின்னும் கழித்துக் கொடுக்காது.

சர்க்கரை இல்லாவிட்டாலும் புளிப்பு இருக்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 5.5-க்கு இறங்கும்போதே பல்லின் மேல்பூச்சு கரையத் தொடங்கும். கோலாவோ, டயட்டாக இருந்தாலும், 3-ஐ ஒட்டியே நிற்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் ஏற்கெனவே சீக்கிரம் வரும். கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு கவலை. நாளுக்கு இரண்டு கோலாவோ அதற்கு மேலோ குடிப்பவர்களிடம் சிறுநீரக நோய் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்படுவதாக 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது, சாதா, டயட் இரண்டிலும்! கிரியாட்டினின் கூடியவர்கள் டாக்டரைக் கேட்காமல் கோலாப் பக்கமே போக வேண்டாம்.

டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போடலாமா? இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே விடை தேடியிருக்கிறார்கள். டாக்டர் வி. மோகன் தலைமையில் இயங்கும் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம், டைப் 2 சர்க்கரை உள்ள 179 பேரை வைத்து 12 வாரம் பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் நல்லதோ கெட்டதோ பெரிய மாற்றம் இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. நம்ம ஊர் ஆட்கள், நம்ம ஊர் டீ, காபி. எனக்கு இது ரொம்பவே ஆறுதலான செய்தி. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சுகரை ஏற்றாது என்று நம்பி டம்ளரில் அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவை இரண்டுமே சர்க்கரையைப் போலத்தான் ஏற்றும்!

கடையில் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்கள். 950 என்றால் அசெசல்ஃபேம், 951 ஆஸ்பர்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. வெயிலில் அடுக்கி வைத்த டயட் பாட்டில் சப்பென்று இருப்பது ஏன் தெரியுமா? சூட்டில் ஆஸ்பர்டேம் சிதைந்து இனிப்பை இழந்துவிடும்! 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பழச்சாறு பாக்கெட்டில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அவர்கள் சேர்க்கவில்லை, பழமே சேர்த்திருக்கிறது. டயட் பானமும் அதுவும் ஒன்றல்ல.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் பந்தி தாமதமாகிவிட்டது. பெரியப்பா வழக்கமான நேரத்துக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு இலைக்காகக் காத்திருந்தார். திடீரென்று சட்டையெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்கு ஏறுக்கு மாறான பதில். "பெரியப்பாவுக்கு லோ சுகர்டா, ஓடு, ஏதாவது கூல்டிரிங்க்ஸ் வாங்கிட்டு வா!" என்று யாரோ கத்த, தம்பி ஒருவன் பாய்ந்து ஓடி, குளிர்ந்த டின் ஒன்றோடு வந்தான். பெரியப்பாவும் மடக் மடக்கென்று குடித்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வியர்வை நிற்கவில்லை. கண் சொருகத் தொடங்கியது. நர்ஸாக இருக்கும் எங்கள் சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டின்னைக் கையில் எடுத்தவர் பதறிவிட்டார். "டேய், இதுல ஜீரோன்னு போட்டிருக்குடா! சுகர் பேஷன்ட்டாச்சேன்னு பார்த்து வாங்கினியா?" அவன் அழாத குறையாக, "ஆமா சித்தி, நல்லதாச்சேன்னு..." என்றான். சமையல்கட்டிலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தோம். கால் மணி நேரத்தில் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. அன்புதான் அவனை அந்த டின்னை எடுக்க வைத்தது. சுகர் உள்ளவருக்குச் சர்க்கரை கூடாது என்றுதானே எல்லாரும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் சர்க்கரையே உயிர் காக்கும் மருந்து என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நேரத்தில் உடனே தேவை 15 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது சுமார் 150 மில்லி சாதா கோலா. 15 நிமிஷம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. டயட் டின்னை எத்தனை குடித்தாலும் ஒரு கிராம்கூட ஏறாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

இன்னும் ஒன்று. சுகருக்காக அகார்போஸ், வாக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சர்க்கரையை உடைத்து ரத்தத்தில் சேர்க்கிற நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அதனால் லோ சுகரில் அவர்களுக்குச் சாதாச் சர்க்கரை கொடுத்தால்கூட மெதுவாகத்தான் ஏறும். அவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற குளுக்கோஸ் பவுடரே சரி.

தண்ணீர் குடியுங்கள், உப்பு போட்ட மோரோ எலுமிச்சை சோடாவோ குடியுங்கள். கலர் இல்லாமல் இருக்கவே முடியவில்லை என்றால் எப்போதாவது ஒரு டயட் டின் குடியுங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்கே ஒரு குளுக்கோஸ் பவுடர் பாக்கெட் வாங்கி, சுகர் உள்ளவரின் கைப்பையில் வையுங்கள். லோ சுகர் என்றால் டயட் டின்னைத் தொடக் கூடாது என்று வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அவசரத்தில் கடைக்கு ஓடப்போவது அவர்கள்தான்.